வேலி பார்ப்பவரின் வாக்கு

பிராவிடன்ஸ்
1790 பிப்ரவரி 15

அன்புள்ள தங்கை தபித்தாவுக்கு,

அண்ணன் பேலேக் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். என் இடுப்பு வலி மட்டும் பனி உருகும்வரை கூடவே குடியிருக்கும் போலிருக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, ஆடு மாடுகள் எல்லாரும் எப்படி என்று எழுது.

மாப்பிள்ளை பெனாயாவை உங்கள் ஸ்டோன்பரி ஊர்க்கூட்டம் மாநிலப் பேரவைக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று படகுக்காரன் சொன்னான். சந்தோஷம். ஒன்றியத்தின் புதிய அரசியல் சட்டத்துக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று ஊர் எழுத்தில் கட்டளை கொடுத்து அனுப்புகிறதாம், அதையும் சொன்னான். சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

சுற்றி வளைத்து எழுதி எனக்குப் பழக்கமில்லை. பன்னிரண்டு மாநிலங்கள் அந்தச் சட்டத்தை ஏற்று ஒன்றியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டன. நம் ரோட் ஐலண்ட் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரமாட்டேன் என்று முறைக்கிறது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் சரக்கை நியூயார்க்கில் அந்நியச் சரக்காக எண்ணப் போகிறார்கள். பதின்மூன்று வயதில் யாரோ ஒருவருடைய கொட்டகையில் திமிங்கிலக் கொழுப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவன் நான். இன்றைக்கு மெழுகுவர்த்திக் கொட்டகையும் என்னுடையது, அதை ஏற்றிப் போகிற பாய்க்கப்பலும் என்னுடையது. இரண்டையும் யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அந்தக் கப்பல் இனி ஜமைக்காவிலிருந்து வந்த கப்பல் மாதிரி ஓரமாக நிற்க வேண்டுமாம்.

மாப்பிள்ளை மனதில் என்ன இருக்கிறது? ஊர் மனதைக் கேட்கவில்லை, அவர் மனதைக் கேட்கிறேன்.

நீலத் தாளில் சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்று படகில் வருகிறது. வாங்கிக்கொள்.

உன் அண்ணன்,
பேலேக்


ஸ்டோன்பரி
பிப்ரவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

தபித்தா வணக்கம். இங்கே எல்லாரும் நலம். உன் இடுப்புக்குச் சூடான உப்பு மூட்டை வைத்துப் பார். வைக்கமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

தேர்வு நடந்த விதத்தைச் சொல்கிறேன். கூட்டத் தலைவர் ஸ்டக்லிதான், படகுத்துறைக்கு மேலே விடுதி நடத்துகிறாரே அவர். எல்லார் முன்னாலும் இவரைக் கூப்பிட்டு நிறுத்தி, “பெனாயா, பதினோரு வருஷமா எங்க வேலித் தகராற நீதான் பாக்குற. ஒரு சாண் அந்தப் பக்கம், ஒரு சாண் இந்தப் பக்கம்னு தள்ளினதில்ல. நாங்க சொல்றத அங்க போயி அப்படியே சொல்லிட்டு வா. வழியில சொந்தச் சரக்கு எதையும் ஏத்திக்காத” என்றார். சிரித்தார்கள். இவர், “சரி” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஊர் சும்மா முறைக்கிறது என்று நினைக்காதே. தூரத்தில் இருந்த ஒரு ராஜாவை இப்போதுதான் அனுப்பினோம், அதற்குள் தூரத்தில் இன்னொரு வரிக்காரனா என்று கேட்கிறார்கள். பக்கத்து நிலத்து எப்ராயீம் க்வேக்கர் சபைக்காரர் அல்லவா, அவர் வேறு காரணம் சொல்கிறார். “ஆளப் பிடிச்சு விக்கிற வியாபாரத்துக்கு இருபது வருஷம் வாய்தா குடுத்த சட்டம் அது. அதுக்கு நான் எப்படித் தலையாட்டுவேன்?” அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

இவர் மனதில் என்ன என்று கேட்டாய். வேலி பார்க்கப் போனால் இவர் வழக்கம் உனக்குத் தெரியும். முதலில் ஒருத்தன் நிலத்துப் பக்கமாக முழுக்க நடப்பார். பிறகு சுற்றிப் போய் மற்றவன் பக்கமாக முழுக்க நடப்பார். இரண்டும் முடிகிறவரை எனக்கே ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

சர்க்கரை வந்தது. நீலக் கூம்பைத் துறையில் இறக்கியபோது பாதி ஊர் நின்று பார்த்தது. இனி வேண்டாம் அண்ணா.

அன்புடன்,
தபித்தா


பிராவிடன்ஸ்
மார்ச் 12

அன்புள்ள தபித்தாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உப்பு மூட்டை வைத்தேன். கொஞ்சம் கேட்கிறது.

பேரவை ஆறு நாள் கூடி, பேசி, ஒன்றையும் முடிக்காமல் கலைந்துவிட்டது. இனி மே 24ஆம் தேதி நியூபோர்ட்டில் கூடுமாம். ஆறு நாளும் மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். பேசாதவனைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரும். சந்தையில் விலை கேட்காமல் சரக்கைத் தொட்டுப் பார்க்கிறவன்தான் கடைசியில் வாங்குகிறவன்.

எப்ராயீம் சொன்னதற்கு என்னிடமும் பதில் இல்லை. வெளியே நின்றால் அந்த வியாபாரம் ஒருநாள் முன்னதாக நின்றுவிடுமா என்று மட்டும் அவரைக் கேள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கிறார்கள். ஒரு ஆள், இரண்டு ஆள்தான் வித்தியாசம். மாப்பிள்ளை ‘ஆம்’ என்று சொல்ல வேண்டாம். ஊருக்குக் கொடுத்த வார்த்தையை மீறவும் வேண்டாம். வாக்கெடுக்கிற அன்றைக்கு அங்கே இல்லாமல் இருந்தால் போதும். இந்த வசந்தத்தில் எல்லா ஊரிலும் காய்ச்சல் சுற்றுகிறது. அவருக்கும் வந்துவிட்டது என்றால், நாக்கை நீட்டு என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இது பொய் இல்லையா என்று கேட்பாய். பொய்தான். இதைவிடப் பெரிய பொய்களைச் சொல்லித்தான் சரக்கு விற்கிறேன், அதனால் யாரும் சாகவில்லை.

உனக்கு ஒரு பெட்டி தேயிலை, மாப்பிள்ளைக்குச் சட்டைத் துணி. வேண்டாம் என்று எழுதாதே, கப்பலில் ஏற்றியாகிவிட்டது.

உன் அண்ணன்,
பேலேக்


ஸ்டோன்பரி
ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம், மன்னிக்கவும். ஆடுகள் குட்டி போடுகிற காலம். பதினாறு குட்டிகளில் மூன்று குளிரில் போய்விட்டன. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். காய்ச்சல் என்ற இடத்தில் சிரித்தார். பிறகு கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எப்ராயீம் வீட்டுக்குப் போனார். இரண்டு வாரமாக மாலையில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போகிறார். இரவுச் சாப்பாடு ஆறிப்போகிறது.

இதைப் பற்றி இனி எழுதாதே அண்ணா. உனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, கடிதங்கள் படகிலிருந்து இறங்கி ஸ்டக்லி விடுதி மேசையில்தான் கிடக்கின்றன. எடுத்துப் போக ஆள் வருகிறவரை போகிறவன் வருகிறவன் எல்லாம் புரட்டுகிறான். மே நடுவில் ஊர்க்கூட்டம் ஒன்று இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள். உன்னால் முடியாத காரியம்தான். இருந்தாலும் கேட்கிறேன்.

துணி நன்றாக இருக்கிறது. இன்னும் வெட்டவில்லை.

தபித்தா


பிராவிடன்ஸ்
ஏப்ரல் 22

அன்புள்ள தபித்தாவுக்கு,

செத்துப்போன குட்டிகளுக்காக வருந்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது, வேறு ஒன்றுமில்லை.

பொறு என்றாய். பொறுத்துக்கொண்டு இருக்கும்போதே என் கப்பல் நியூயார்க் போய்த் திரும்பிவிட்டது. கப்பலோட்டி கேலப் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சுங்கத்துறை ஆள் தாளை விரித்து வைத்துக்கொண்டு, “எந்த நாட்டுக் கப்பல்?” என்றானாம்.

“ஏன்யா, என்னத் தெரியலயா? யார்க்டவுன் சண்டையில ரெண்டு பேரும் ஒரே பதுங்குகுழியில கிடந்தோமே.”

“தெரியுது கேலப். ஆனா இந்தத் தாள்ல அதுக்குக் கட்டம் இல்ல. நாடு என்னன்னு சொல்லு.”

“பிரிட்டிஷ்காரன்னு போட்டுக்கோயேன்.”

“அவனுக்குக் கட்டம் இருக்கு. உனக்குத்தான் இல்ல.”

கேலப் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வரவில்லை. எட்டு வருஷம் சண்டை போட்டோம். அதில் என் இடதுகைச் சுண்டுவிரல் போயிற்று. அது எந்த நாட்டுக்காகப் போயிற்று என்று இப்போது யாராவது கேட்டால், கட்டம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான் லாபத்துக்காக மட்டும் கத்துகிறேன் என்று மாப்பிள்ளை நினைக்கலாம். லாபத்துக்காகத்தான் ஆரம்பித்தேன். இப்போது களைத்துப்போய்க் கத்துகிறேன். யாராவது எங்கேயாவது கதவைத் திறந்தால் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் போலிருக்கிறது.

மே நடுவில் என்ன கூட்டம்? நீ எழுதாவிட்டால் நான் எப்படிப் பொறுப்பது?

உன் அண்ணன்,
பேலேக்


ஸ்டோன்பரி
மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தூக்கமின்மை அறிந்து கவலை. இங்கே எனக்கு நலம்.

அவருக்குக் காய்ச்சல். இன்று ஐந்தாம் நாள். மார்பில் கட்டிக்கொண்டு மூச்சு இழுக்கிறது. சோள அடையைப் பாலில் கரைத்துக் கொடுத்தாலும் இறங்கவில்லை. பிராவிடன்ஸில் காய்ச்சலுக்கு நல்ல சிங்கோனாப் பட்டை கிடைக்குமானால் அடுத்த படகிலேயே அனுப்பு. இங்கே கிடைப்பதில் பாதி மரத்தூள்.

17ஆம் தேதி ஊர்க்கூட்டம். அதற்குள் எழுந்து நிற்க வேண்டும் என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தபித்தா


பிராவிடன்ஸ்
மே 13

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், மாப்பிள்ளையும் நலம் என்று நான் வாசித்துக்கொண்டேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியில் அண்ணன் சொன்னதைத்தான் செய்தீர்கள். ஐந்தாம் நாள், மார்பில் கட்டு, மரத்தூள் பட்டை என்று எவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்கிறாய். நானே ஒரு நொடி பயந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் காய்ச்சல் சரியான நேரத்தில் வந்திருக்கிறது. 17ஆம் தேதிக் கூட்டத்துக்கும் போக வேண்டாம். மாத முடிவுவரை படுக்கையை விட்டு எழாமல் பார்த்துக்கொள். முற்றத்தில் நடமாடினால்கூட எவனாவது பார்த்துவிடுவான். பட்டை அனுப்பவில்லை, மருந்து வந்து குணமாகிவிட்டது என்று பேச்சு வந்தால் நமக்குத்தான் தொந்தரவு. அதற்குப் பதிலாக நோயாளிக்கு இரண்டு புட்டி போர்ட் திராட்சை மதுவும் ஒரு சர்க்கரைக் கூம்பும் அனுப்புகிறேன். குடித்துவிட்டு நன்றாக முனகச் சொல்.

உன் அண்ணன்,
பேலேக்


ஸ்டோன்பரி
மே 19

அண்ணனுக்கு,

உன் கடிதம் 16ஆம் தேதி துறையில் இறங்கியது. எனக்கு 17ஆம் தேதி மாலைதான் கிடைத்தது. அரக்கு உடைந்திருந்தது.

நீ கேட்ட கூட்டத்தைப் பற்றி இப்போது எழுதலாம். இனி மறைக்க ஒன்றுமில்லை. மார்ச்சில் பேரவையிலிருந்து திரும்பி வந்த அன்றே அவர், “ஒரு பக்கம் நடந்துட்டேன் தபித்தா, இனி மறுபக்கம் நடக்கணும்” என்றார். இரண்டு வாரம் யோசித்தார். பிறகு வீடு வீடாகப் போனார். கட்டளையைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், என்னை என் மனப்படி வாக்குச் சொல்ல விடுங்கள் என்று ஊரைக் கேட்கப்போவதாகச் சொன்னார். அவர் மனம் ‘ஆம்’ என்றிருந்தது. ஒளிந்துகொண்டு இல்லை, ஊரின் சம்மதத்தோடு. இருபத்தெட்டு வீட்டுக்காரர்கள் சரி என்றார்கள். எப்ராயீம்கூட, “உள்ள போயி அந்த வியாபாரத்துக்கு எதிரா தினமும் கத்துவேன்னு சொல்லு, நான் கை தூக்குறேன்” என்றார். உனக்கு எழுத வேண்டாம் என்று சொன்னவர் எங்கள் வீட்டுக்காரர்தான். பிராவிடன்ஸ்காரன் கை பட்டால் இது வியாபாரமாகிவிடும் என்றார்.

17ஆம் தேதி வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கூட்டிப்போனேன். பெண்கள் உள்ளே உட்காரக் கூடாது என்பதால் கதவருகே நின்றேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ரெண்டு பக்கமும் நடந்து பாத்தேன். பிராவிடன்ஸும் நியூபோர்ட்டும் தனியாப் பிரிஞ்சு போயி ஒன்றியத்துல சேர்ந்துக்கிட்டா, மிச்சம் நாம யாரு? ரெண்டு கல்லு மட்டும் நிக்கிற வேலி. சட்டத்துல குறை இருக்கு. குறைய உள்ள நின்னு திட்டலாம். கட்டளையத் திருப்பி வாங்கிக்குங்க. முடியாதுன்னா வேற ஆளை அனுப்புங்க, எனக்கு வருத்தமில்ல.”

எப்ராயீம் எழுந்திருக்கப் போனார். அப்போது ஸ்டக்லி, “இத முதல்ல கேளுங்க” என்று சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். முழுக்கப் படித்தார். நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

யாரோ, “சக்கரக் கூம்பு மொத்தம் எத்தனை வந்துச்சுன்னு அந்தம்மாவக் கேளுங்க” என்றான்.

இன்னொருவன், “துணியும் வந்துச்சே. நீலத்துல” என்றான்.

“காய்ச்சலாமே. எங்க, நாக்க நீட்டு பெனாயா, பாப்போம்.”

அவர் நீட்டினார் அண்ணா. கேலிக்குக் கேட்டார்கள், இவர் உண்மையாகவே நீட்டினார். நாக்கு வெள்ளையாக இருந்தது, உதடு நடுங்கிற்று. கூட்டம் சிரித்தது. பதினோரு வருஷம் வேலி பார்த்த ஆள், நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

கை தூக்கச் சொன்னபோது ஒன்பது கைதான் எழுந்தது. எப்ராயீம் கை அதில் இல்லை. கட்டளை அப்படியே இருக்கிறது. வேறு ஆளையும் அனுப்பமாட்டார்களாம், இவரே போய் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமாம். ஸ்டக்லியும் இரண்டு பேரும் கூடவே போகிறார்கள், வழியில் காய்ச்சல் அதிகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ள.

போகாதீர்கள் என்று சொன்னேன். “போகலன்னா உங்க அண்ணன் எழுதினதுதான் நிஜம்னு ஆயிடும்” என்றார்.

தபித்தா


பிராவிடன்ஸ்
மே 22

தபித்தா,

குதிரையில் ஆள் அனுப்புகிறேன். நேராக உன் கையில்தான் கொடுப்பான். பட்டை இருக்கிறது, நல்ல பட்டை, நானே கடித்துப் பார்த்தேன்.

பத்து நாளுக்கு முன் அனுப்பியிருக்க வேண்டியது. என் தொழிலில் எவன் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒன்று இருக்கும் என்று எடுத்துக்கொண்டே பழகிவிட்டேன். நீ காய்ச்சல் என்றால் அது காய்ச்சல்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.



பேலேக்


பிராவிடன்ஸ்
ஜூன் 3

அன்புள்ள தபித்தாவுக்கு,

மாப்பிள்ளை வீடு வந்து சேர்ந்தாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுது. அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நான் நியூபோர்ட் போயிருந்தேன். அவரிடம் பேசத்தான் போனேன், பேசவில்லை. 29ஆம் தேதி, சனிக்கிழமை மாலை. உள்ளே அத்தனை கூட்டம், ஜன்னல் விளிம்பிலெல்லாம் ஆள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார், இரண்டு பக்கமும் உங்கள் ஊர்க்காரர்கள். பெயர் வந்ததும் எழுந்தார். எழுந்து நிற்கவே நேரம் பிடித்தது. போர்வையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, நேராக நின்று, “இல்லை” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

‘ஆம்’ முப்பத்து நான்கு. ‘இல்லை’ முப்பத்திரண்டு. சட்டம் நிறைவேறிவிட்டது. அவர் உடம்பு நோகப் போய்ச் சொன்ன ‘இல்லை’ எதையும் நிறுத்தவில்லை. நான் தலையிடாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாரே, அந்த ‘ஆம்’, அதுவும் தேவைப்படவில்லை. இரண்டு பக்கம் கூட்டிப் பார்த்தாலும் என் கடிதத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

பிறகு துறையில் பார்த்தேன். கயிற்றுச் சுருள் மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஸ்டக்லி தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். என் பையில் அவருக்கென்று வாங்கிய இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. நான் கொடுத்தால் அதையும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று நின்றுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் முகத்துக்கு எதிரே போய் நிற்கக் கால் வரவில்லை.

பிராவிடன்ஸில் மணி அடித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள். என் கொட்டகை ஆட்களுக்கு ரம் ஊற்றிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அண்ணன்,
பேலேக்


பிராவிடன்ஸ்
ஆகஸ்ட் 8

அன்புள்ள தபித்தாவுக்கு,

ஜூனில் எழுதியதற்குப் பதில் இல்லை. ஜூலையில் இரண்டு முறை எழுதி, இரண்டையும் அனுப்பாமல் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்று படகுக்காரன் சொல்கிறான். அவன் சொன்னால் நம்பலாம் என்று இப்போது நினைக்கப் பழகுகிறேன். எனக்கு இடுப்பு பரவாயில்லை.

கேலப் நியூயார்க் போய் வந்தான். எந்த நாடு என்று யாரும் கேட்கவில்லையாம். அதே ஆள்தான் தாளில் எழுதினானாம். “கட்டம் வந்துடுச்சா?” என்று இவன் கேட்டதற்கு, “உனக்குன்னு தனிக் கட்டம் எதுக்கு, இனி நீயும் நாங்கதான்” என்றானாம். இதற்காகத்தானே வசந்தம் முழுக்க அலைந்தேன். கேட்டுவிட்டுச் சரி என்றேன், மெழுகு காய்ச்சப் போய்விட்டேன்.

உங்கள் ஊர்க்கூட்டத்தில் பேச எனக்கு உரிமை இல்லை, நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆனால் ஸ்டக்லி விடுதியில் நின்று பேச யாரும் தடுக்க முடியாது. அந்தக் கடிதம் என் மடத்தனம், அந்த மனுஷன் நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தார், அவரை யாரும் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். வரலாமா? வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
பேலேக்


ஸ்டோன்பரி
ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அவர் காய்ச்சல் ஜூன் கடைசியில் விட்டது. நீ அனுப்பிய பட்டைதான் கேட்டது என்று நினைக்கிறேன். இருமல் விடவில்லை. மேட்டில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.

ஜூனில் பதில் எழுத உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் திட்டாக வந்தது. அதனால் எழுதவில்லை.

ஊரில் யாரும் அவரை அவமதிக்கவில்லை. நியூபோர்ட்டிலிருந்து வந்ததும் ஸ்டக்லி முதுகில் தட்டி, “கடைசியில நம்ம பக்கம் நின்னியே, அது போதும்” என்றார். விடுதியில் இவர் குடிக்கும் ஆப்பிள் மதுவுக்குக் காசு வாங்குவதில்லை. அதனால் இவர் அங்கே போவதில்லை.

ஆனால் இந்தக் கோடை முழுக்க வேலி பார்க்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. போன வாரம் எப்ராயீமுக்கும் அவருக்கு மேற்கே இருப்பவனுக்கும் தகராறு. பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்தார்கள். எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் அந்த நிலம் தெரியும். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். வந்தவன் எப்ராயீம் பக்கமாக மட்டும் நடந்துவிட்டு, நின்ற இடத்திலேயே தீர்ப்பைச் சொல்லிக் கூலியும் வாங்கிக்கொண்டான். “மறுபக்கம் நடக்கலயே” என்றார் இவர். அவனிடம் இல்லை, என்னிடம். பிறகு உள்ளே வந்து படுத்துவிட்டார்.

விடுதியில் நின்று பேச வேண்டாம் அண்ணா. நீ பேசினால், பேசியதற்கு என்ன வாங்கினாய் என்று கேட்பார்கள்.

நீ வரலாமா என்பதை அவரிடம் கேட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு, “கிழக்குப் பக்கத்துக் கல்வேலி சரிஞ்சு கிடக்கு” என்றார். பனியில் சரிந்தது, இன்னும் எடுத்துக் கட்டவில்லை. பெரிய கற்கள், இரண்டு ஆள் வேண்டும். ஊரில் யாரையும் கூப்பிட அவருக்கு மனமில்லை. என்னால் தூக்க முடியவில்லை, இரண்டு முறை பார்த்தோம்.

அறுவடைக்கு முன் வா. பகலில் வா. துறையில் இறங்கி, ஸ்டக்லி விடுதி வாசல் வழியாக, எல்லாரும் பார்க்க நடந்து வா. சர்க்கரை வேண்டாம். துணி வேண்டாம், முன்பு வந்ததே இன்னும் வெட்டாமல் இருக்கிறது. ஆரஞ்சும் வேண்டாம். வெறுங்கையோடு வா.

கல்லின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்வார்.

தபித்தா